தாங்கலாம், தாங்காமலும் போகலாம்

அந்தக் கட்டடத்தில் லிஃப்டைவிடச் செய்திதான் வேகமாக மேலே ஏறும். மாமியாருக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்த செய்தியும் அப்படித்தான். குடும்பத்தார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் ஐந்து மாடியும் சுற்றிவிட்டு, கீழே காவலாளியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த மாமியார் இன்று மாலை வீடு திரும்புகிறார். வீடு ஐந்தாவது மாடி. கால் மடங்காது, படியேறும் பேச்சுக்கே இடமில்லை.

குடும்பத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமனார் குடியிருப்போர் சங்கத் தலைவர். பதவிக்கு வந்த நாள் முதல் வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூடத் தீர்மானம் நிறைவேற்றுவதுபோல்தான் கேட்பார். ஊரே 'தலைவர்' என்று கூப்பிட, இப்போது மனைவியும் அப்படியே கூப்பிடுகிறாள், கொஞ்சம் வேறு தொனியில். இளைய மகன் லிஃப்ட் மெக்கானிக். பெயர் 'ஸ்பானர்'. கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிக்கும் வேலை போன வருஷம் அவனுக்குக் கிடைத்தது எப்படி என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு எல்லோரும் கேட்டார்கள்.

மூத்த மகன் வெளியூரில். வீட்டில் ஆள் தேவைப்படும்போதெல்லாம் வெளியூரில் இருப்பது அவன் சாமர்த்தியம். அவன் மனைவிதான் நம் கதையின் மூத்த மருமகள். ஜப்பானுக்குப் போய் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்து, இப்போது ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். கட்டடத்துக்கே அவள் 'ஜப்பான்'. "ஜப்பான் வீட்டுல இருக்கா?" என்று கீழ்வீட்டுக் குழந்தைகூடக் கேட்கும்.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் மூன்றாம் மாடி டீச்சர் எழுந்து, "லிஃப்ட் நிக்க வேண்டிய இடத்துல நிக்கிறதில்லையே, யாராவது வெளியாளைக் கூட்டிட்டு வந்து காட்டக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். 'வெளியாள்' என்ற சொல் தலைவருக்கு முள்ளாகக் குத்தியது. ஆஸ்பத்திரி லிஃப்டுகளைப் பார்க்க வந்திருந்த ஜப்பான் நிபுணருக்கு இந்த வாரம் மருமகள்தான் துணை. இந்த லிஃப்டும் ஜப்பான் லிஃப்டு. அப்புறம் என்ன?

"நம்ம லிஃப்டையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போகச் சொல்லேன்மா. ஜப்பான்காரர் வாயால ஒரு வார்த்தை வந்துட்டா, டீச்சர் வாய் தானா மூடிக்கும்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பம்.

*

காலையில் நிபுணர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்ட, சிறு உருவம். மொட்டை மாடியில் மெஷின் ரூம் கதவைத் திறந்ததும், உள்ளே நுழையாமல் ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றார். மோப்பம் பிடிக்கிறார் என்று மருமகளுக்குப் பிறகுதான் புரிந்தது. பழைய சட்டையை இஸ்திரிப் பெட்டியில் தீய்த்ததுபோல ஒரு லேசான வாசனை.

லிஃப்ட் பெட்டியை மேலே ஓட்டச் சொன்னார். நிறுத்தச் சொன்னார். மறுபடி ஓட்டச் சொன்னார். மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் உருளையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பிரேக்கின் மேல் விரலை வைத்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். விரலை எடுத்தபோது கையுறையின் நுனி கறுத்திருந்தது.

ஸ்பானர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை.

நிபுணர் தலையைத் தாழ்த்தி, மெதுவாக, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பிரேக்கைப் பற்றி. அது வழுக்குவதைப் பற்றி. கடைசியில், "ஒசொரே கா அரிமாஸ்."

இந்த ஒரு வாரத்தில் அந்த மனிதர் வானம், சாப்பாடு, ஆஸ்பத்திரிக் கதவு எல்லாவற்றையும் பற்றிப் பேசியிருக்கிறார். இந்தச் சொல்லை எடுத்ததே இல்லை.

"என்னவாம்?" என்றார் தலைவர். அவருக்குப் பின்னால் டீச்சர். டீச்சருக்குப் பின்னால், வேலை இல்லாததால் வந்திருந்த இரண்டாம் மாடிக்காரர்.

அவள் வாயைத் திறந்தாள். அப்போது ஸ்பானர் சுவரை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் வீட்டுப் பெரியவர்களைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"பெருசா ஒண்ணும் இல்ல மாமா," என்றாள் அவள். "வயசான மெஷின், தேய்மானம் இருக்கத்தான் செய்யும்ங்கறாரு. கவனிச்சுக்கணுமாம்."

"பாத்தீங்களா டீச்சர்?" என்றார் தலைவர். கூடவே நிபுணரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வந்தவர் ஒன்றும் புரியாமல் குனிந்து வணங்கினார். வணங்கி நிமிரும்போது அவர் பார்வை தலைவரின் சிரிப்பில் ஒரு கணம் தங்கி, பிறகு மருமகளிடம் வந்தது. இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்ட மனிதர் எதற்காகச் சிரிக்கிறார் என்று கேட்பதுபோல.

அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமானால் சோறாவது நிறைய இருக்க வேண்டும். அவளிடம் இருந்தது ஒரு கைப்பிடி.

*

நிபுணரை வண்டியேற்றிவிட்டு அவள் வீட்டுக்குள் வந்தபோது, ஸ்பானர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தான். அவன் தானாக டீ போட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அந்த வீட்டில் அர்த்தம்.

"உங்களுக்கு இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன் அண்ணி."

"பிரேக் லைனிங் மாத்தினேன்னு போன மாசம் சங்கத்துல சொன்னியே. மாத்தினியா?"

அவன் டம்ளரை ஆற்றினான். ஆறிப்போன பிறகும் ஆற்றினான்.

"புதுசு வரலண்ணி. இன்னிக்கு வரும் நாளைக்கு வரும்னு கடைக்காரன் இழுத்தடிச்சான். அப்பா அதுக்குள்ள கூட்டத்தைக் கூட்டிட்டாரு. பழசையே கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சு, திரும்ப மாட்டிட்டேன். நல்லாத்தான் புடிச்சுது."

"எத்தனை நாளைக்கு?"

"அது... இப்பவும் புடிக்குதே. அந்த ஜப்பான்காரன்கூட 'லாம்'னுதானே சொல்லியிருப்பான்? வழுக்கலாம்னா வழுக்காமலும் போகலாம் இல்ல?"

"அவங்ககிட்ட 'லாம்' ஒண்ணு இல்ல தம்பி. பெரிய குடும்பமே இருக்கு."

"நம்ம குடும்பம் மாதிரியா?"

"நம்ம குடும்பத்தை வெச்சே சொல்றேன் கேளு. உங்கண்ணன் சனிக்கிழமை வந்தாலும் வருவாரு, வராட்டியும் போவாரு. அது காமோ ஷிரெனாய். டிக்கெட் எடுத்திருக்காரு, அநேகமா வந்துடுவாரு. அது தெஷோ. வண்டி ஏறிட்டேன்னு போன் பண்ணாரு, கணக்குப்படி இந்நேரம் வந்திருக்கணும். அது ஹாஸு."

"வந்திருக்கணும், ஆனா வரல."

"அதான் உங்கண்ணன். அப்புறம், வாசல்ல செருப்பு கிடக்கு, பாத்ரூம்ல பாட்டு கேக்குது, ஆள் உள்ளதான் இருந்தாகணும். அது நி சிகாய் நாய்."

ஸ்பானருக்குச் சிரிப்பு வந்தது. "படிக்கட்டு மாதிரி கட்டி வெச்சிருக்கானுங்க. அப்ப இவன் எந்தப் படியில நின்னான்? முதல் படிதானே?"

"இந்தப் படியிலேயே இல்ல." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒசொரேன்னாரு. அது நல்லதுக்கு வரவே வராது. பரீட்சையில பாஸாகும் ஒசொரேன்னு எவனும் சொல்லமாட்டான். புயல் கரையைக் கடக்கிற அன்னிக்குச் சொல்லுவான். அணை உடையறதுக்கு முன்னாடி சொல்லுவான். நம்ம பேப்பர்ல போடுவாங்களே, 'இடிபாடுகளில் சிக்கியிருக்கலாம் என அஞ்சப்படுகிறது'ன்னு. அந்த அஞ்சப்படுகிறது."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஏன் அண்ணி அப்பவே சொல்லல?" என்று கேட்டான். கேட்ட பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

தொழிலில் அவள் இதுவரை ஒரு வார்த்தையை விழுங்கியதில்லை. முதலாளி கோபித்துக்கொண்டாலும் சரி, எதிராளி எழுந்து போனாலும் சரி, சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பவள். இன்று கட்டடத்தின் முன்னால் கொழுந்தனாரின் மானத்தையும் மாமனாரின் பதவியையும் பார்த்தாள். பார்த்த கண் வாயைக் கட்டிப்போட்டது.

"லிஃப்டை இப்பவே நிறுத்து," என்றாள்.

"நிறுத்திட்டு? அம்மாவ எப்படி மேல கொண்டு வர்றது? நாலு பேர் சேர்ந்து தூக்கணும். தையல் பிரிஞ்சா யார் பொறுப்பு? கேக்கறவங்களுக்கு என்னன்னு சொல்றது? காலையில நல்லாருக்குன்னு ஜப்பான்காரர் சொன்ன லிஃப்டு, சாயங்காலம் ஏன் நின்னுச்சுன்னு டீச்சர் கேப்பாங்க இல்ல?"

ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும். அவள் அதைக் காலையில் பெற்றெடுத்தாள். மதியமே அது பசிக்கிறது என்கிறது.

"ஒரே தடவை அண்ணி. அம்மா சாயங்காலம் வராங்க. நான் மெஷின் ரூம்ல நிப்பேன். ஒரு தடவை மேல ஏத்திட்டு, உடனே 'பழுது பார்க்கிறோம்'னு போர்டு மாட்டிடறேன். லைனிங்குக்கு வேற கடையில சொல்லியாச்சு."

"அத்தை ஏறும்போது நீ மேல நிக்காம பெட்டி நகரக் கூடாது."

"அம்மா மேல சத்தியம்."

"அத்தைய எதுக்குடா இழுக்கிற?" என்றாள் அவள். சிரிக்க முயன்றாள், வரவில்லை.

*

மதியம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மேஜைமேல் ஒரு தொழிற்சாலைக் குறிப்பு பாதியில் கிடந்தது. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, லிஃப்ட் போகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் காதில் விழாத சத்தம். ஏறும்போது ஒரு முனகல். நிற்கும்போது கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல, ஒரு சிறு அசைவு.

டீச்சர் மூச்சிரைக்கப் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஜப்பான், நல்லா இருக்குன்னாரே உங்க ஆளு? மூணாவது மாடியில பெட்டி ஒரு சாண் மேல போய் நிக்குது. நான் எட்டிக் குதிச்சு இறங்கினேன், இந்த வயசுல."

"மேலயா? கீழ இல்லையா?"

"மேலதான். கீழ விழும்னு பயந்துட்டிருந்தேன், இது சொர்க்கத்துக்கே கூட்டிட்டுப் போகும்போல. நான் படியிலேயே போறேம்மா. உங்க அத்தை வந்ததும் சொல்லு, பாக்க வரேன்."

காலி லிஃப்டானாலும், ஒன்றிரண்டு பேர் ஏறிய லிஃப்டானாலும், அதைவிடக் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் இரும்புப் பாரம்தான் கனம். பிரேக் விட்டால் பெட்டி கீழே விழாது. மேல்கூரையை நோக்கிப் போகும். ஸ்பானர் முன்பு ஒருநாள் சாப்பாட்டு வேளையில் இதைச் சொல்லி, மாமியாரிடம் திட்டு வாங்கியிருந்தான். இப்போது அது அவளுக்குத் தெரிந்திருந்ததே கஷ்டமாக இருந்தது.

அவள் போனை எடுத்து நிபுணரைக் கூப்பிட்டாள்.

அவர் ரயில் நிலையத்தில் இருந்தார். பின்னால் அறிவிப்புகள் கேட்டன. தொந்தரவுக்கு மன்னிப்பு, பயணம் நல்லபடி அமையட்டும் என்று ஆரம்பித்தவளை அவர் பொறுமையாகக் கேட்டார். பெட்டி ஒரு சாண் மேலே போய் நின்றதைச் சொன்னாள்.

பிறகு கேட்டார்: காலையில் நான் சொன்னதை அவர்களிடம் சொன்னீர்கள், இல்லையா?

'இல்லையா' என்றுதான் கேட்டார். ஆனால் தலைவரின் சிரிப்பை அவர் மறக்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"இல்லை," என்றாள் அவள், ஜப்பானியத்தில். அந்த மொழியில் அத்தனை அப்பட்டமாக 'இல்லை' சொல்வதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. "சொல்லவில்லை."

தன் பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு 'போலிருக்கிறது' ஒட்டுகிற மனிதர் அவர். அடை மழையில் நனைந்துகொண்டே, மழை பெய்வதுபோல் தெரிகிறது என்றவர். அவர் இப்போது வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்:

"தொமெத்தே குதசாய்."

நிறுத்துங்கள்.

அதற்குமேல் இருக்கலாமும் இல்லை, போலும் இல்லை, அச்சமும் இல்லை. அவள் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். உட்கார்ந்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அதே நேரம் கீழேயிருந்து படிக்கட்டு வழியாகத் தலைவரின் குரல் எழும்பி வந்தது.

"பாத்து, பாத்து! காலை மடக்காத! கதவைப் பிடிங்கப்பா!"

சாயங்காலம் வர வேண்டியவர்கள் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தலைவர் போட்ட சத்தத்தில், இவர் போனால் போதும் என்று சீக்கிரமே அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"ததஷி..." என்றார் போனில் நிபுணர். *ஆனால் ஒன்று...*

ஜப்பானியத்திலும் நம் மொழியைப்போலவே வினை கடைசியில்தான் வரும். ஆகுமா ஆகாதா, செய்யலாமா கூடாதா, எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான். வால் வரும்வரை வாயைத் திறக்காதே என்பது மொழிபெயர்ப்பாளரின் பாலபாடம். அவள் அதைப் பல வருஷம் பிசகாமல் கடைப்பிடித்தவள். இன்று தலையை மட்டும் கேட்டுவிட்டு, போனைச் சோபாவில் எறிந்துவிட்டு ஓடினாள்.

"மாமா! ஏறாதீங்க! அத்தை!"

படிக்கட்டுச் சந்தில் குரல் எதிரொலித்துக்கொண்டே கீழே இறங்கியது. அது போய்ச் சேர்வதற்குள் கதவு மூடும் சத்தம் கேட்டது. லிஃப்ட் வாசலுக்கு மேல் அம்புக்குறி எரிந்தது. மேலே வருகிறது.

ஸ்பானர் எங்கே? எட்டிப் பார்த்தாள். வாசலில் வண்டியின் பின்பக்கத்தில் தலையை விட்டு, மருந்துப் பையையும் ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டிருந்தான். மெஷின் ரூமில் யாருமில்லை.

கீழே ஐந்து மாடி. மேலே ஒரே மாடி. அவள் மேலே ஓடினாள்.

மெஷின் ரூம் கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே அந்தத் தீய்ந்த வாசனை காலையைவிடக் கனமாக நின்றது. மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. எது மெயின் ஸ்விட்ச் என்று காலையில் நிபுணர் தொட்டுக் காட்டியிருந்தார். இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மோட்டார் நின்றது. பிரேக் 'தட்' என்று விழுந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நிறுத்திவிட்டோம். சொன்னதைச் செய்துவிட்டோம்.

அப்புறம்தான் அது கேட்டது. நின்றிருக்க வேண்டிய சக்கரம் நிற்கவில்லை. உலர்ந்த கையால் கண்ணாடியைத் தேய்ப்பதுபோல ஒரு கீச்சல். சுற்றி, சுற்றி, தயங்கி, ஒரு வழியாக நின்றது.

*

"யாரு ஆஃப் பண்ணது?" மாடிப் படியை மூன்று மூன்றாகத் தாண்டி வந்த ஸ்பானர் கதவில் மோதிக்கொண்டு நின்றான்.

"நான்தான். அவரு நிறுத்தச் சொன்னாரு தம்பி. உடனே நிறுத்துங்கன்னாரு."

"ஆள் உள்ள இருக்கும்போதா நிறுத்தச் சொன்னான்?"

அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணி, ஓடிட்டிருந்தவரைக்கும் மோட்டார்தான் பெட்டியைப் பிடிச்சுட்டிருந்துச்சு. நிக்கும்போதுகூட மோட்டார்தான் நிறுத்தும், பிரேக் அப்புறம் வந்து சும்மா உக்காரும். அதனாலதான் இந்த லைனிங்கை வெச்சே இத்தனை நாள் ஓட்ட முடிஞ்சுது." அவன் மோட்டாரைக் காட்டினான். "கரண்டைப் புடுங்கிட்டா பெட்டியை யாரு பிடிப்பா? பிரேக் மட்டும்தான்."

பிரேக்கை நம்பாதே என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஓடி வந்து, மாமியாரையும் மாமனாரையும் அந்தப் பிரேக்கின் கையிலேயே ஒப்படைத்திருந்தாள். *ஆனால் ஒன்று* என்றாரே. அந்த ஒன்று என்னவென்று இப்போது அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"திரும்பப் போட்டுடட்டுமா?"

"தொடாதீங்க! போட்டா பெட்டி எங்க இருக்குன்னு தெரியாம மோட்டார் இழுக்கும்." அவன் மோட்டார் முனையில் இருந்த இரும்புச் சக்கரத்தை இரண்டு கையாலும் பற்றி, காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டான். தோள்பட்டை நரம்பு புடைத்தது. "கயித்தைப் பாருங்க. மஞ்சப் பெயிண்ட்ல கோடு கோடாப் போட்டிருக்கேன், ஒரு மாடிக்கு ஒரு கோடு. எது கிட்ட இருக்குன்னு சொல்லுங்க."

அவள் குனிந்தாள். எண்ணெய்க் கறுப்புக்கு நடுவே மஞ்சள் கோடு ஒன்று, இரும்புச் சட்டத்தின் விளிம்பை ஒட்டி நின்றது.

"சட்டத்துக்கு நேரா ஒண்ணு இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"நாலு தாண்டிடுச்சு. அஞ்சுக்கும் மேல கூரைதான். அந்தக் கோட்டையே பாத்துட்டிருங்க. அது மேல ஏறினா பெட்டியும் ஏறுதுன்னு அர்த்தம், உடனே சொல்லுங்க."

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. கையை எடுக்க முடியாது. கண்ணால் காட்டினான். அவள் எடுத்தாள்.

"டேய்!" தலைவரின் குரல், இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து வருகிற குரல். "கரண்ட் போயிடுச்சாடா? இருட்டா இருக்கு. நின்னுச்சு, அப்புறம் நகர்ந்தாப்ல இருந்துச்சு. மேலயா கீழயான்னே தெரியல. உங்கம்மா பயப்படறா."

"நான் பயப்படல," என்று பின்னால் மாமியாரின் குரல். "இவருதான் என் தோளைப் புடிச்சு நசுக்குறாரு."

"மாமா, நான் பேசறேன்."

"நீயாம்மா? நல்லதாப்போச்சு. காலையில அந்தப் பெரியவர் நல்லாருக்குன்னாருல்ல? அவர் சொன்னதுக்கு அர்த்தம், ஒண்ணும் ஆகாதுன்னுதானே? நீதானே கேட்டு எங்களுக்குச் சொன்ன? உங்க அத்தைகிட்ட ஒரு தடவை சொல்லும்மா. நீ சொன்னா நம்புவா."

ஸ்பானர் சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான். வியர்வை சொட்டி இரும்பில் விழுந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. காலையில் பார்த்த பார்வைக்கு இப்போது அவனிடம் தெம்பில்லை.

திறந்திருந்த கதவுக்கு வெளியே மொட்டை மாடியில் காலடிச் சத்தம். டீச்சர்தான். அவருக்குப் பின்னால் இரண்டாம் மாடிக்காரர். கட்டடமே படியேறி வந்துகொண்டிருந்தது.

"மாமா," என்றாள். "அவர் அப்படிச் சொல்லல. பிரேக் வழுக்கிடுமோன்னு பயமா இருக்குன்னுதான் சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்ப... ஒண்ணும் ஆகாதில்ல?" என்றார் தலைவர். தலைவர் குரல் அது இல்லை. ஒரு வயதான மனிதரின் குரல்.

"தெரியல மாமா. தாங்கலாம். தாங்காமலும் போகலாம். அத்தையைச் சக்கர நாற்காலியை விட்டு இறக்கித் தரையில படுக்க வைங்க. நீங்களும் பக்கத்துல படுங்க. தலையைக் கையால மூடிக்கோங்க."

போனில் துணி உரசும் சத்தம், ஒரு வலி முனகல், மாமியாரின் குரல்: "இப்பவாவது சொன்னாளே. வாங்க, படுங்க. எல்லாத்துக்கும் தீர்மானம் போட்டுட்டுதான் செய்வீங்களா?"

"அண்ணி," என்றான் ஸ்பானர், பல்லைக் கடித்துக்கொண்டு. "கோடு?"

அவள் போனைக் காதில் வைத்தபடியே குனிந்து பார்த்தாள். சட்டத்தின் விளிம்புக்கு நேராக இப்போது வெறும் கறுப்புக் கயிறுதான் இருந்தது. மஞ்சள் கோடு அதற்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஏறியது.